பத்தொன்பதாம் நாள்: மாதவிடாய் நிற்கும் வயதில் ஓர் உதிரப்போக்கு

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "கறை பட்டுவிடும் டாக்டரம்மா, நின்றுகொண்டே சொல்கிறேன்" என்றார். உதிரப்போக்கு தொடங்கி அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். வயது 47. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஒரு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்கவே சில நிமிடங்கள் ஆயின. அதற்குள் கூட வந்த நாத்தனார் முந்திக்கொண்டார்: "நிற்கிற வயதுங்க. எனக்கும் இப்படித்தான் இருந்தது. இவள் வீணாகப் பயப்படுகிறாள்."

அரிய நோய் எதுவும் இல்லை. என் புறநோயாளிப் பிரிவில் வாரம் தவறாமல் பார்ப்பதுதான். இதை எழுத வைத்தது அவர் மஞ்சப்பையில் கொண்டுவந்த பழைய சீட்டுகள். 14 மாதங்களில் நான்கு இடங்களில் காட்டியிருந்தார். அவற்றில் ஓர் இடம் நான் வேலை செய்யும் மருத்துவமனையே. நான்கு சீட்டிலும் ஏதோ ஒரு மாத்திரை எழுதப்பட்டிருந்தது. எத்தனை நாள் போக்கு, எத்தனை நாள் இடைவெளி, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று ஓர் எண்கூட எந்தச் சீட்டிலும் இல்லை. கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற வரியும் இல்லை. அவருடைய ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

கேட்டதும் கிடைத்ததும்

எங்கள் பெண்களிடம் மாதவிடாய்த் தேதியைக் கேட்டால் வராது. விசேஷத்தைக் கேட்டால் வரும். ஆடிப்பெருக்குக்குக் கோயிலுக்குப் போனீர்களா, புரட்டாசிச் சனிக்கிழமை தளிகை போட்டீர்களா, தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போது எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு வருடக் கணக்கைத் திரும்பக் கட்டினோம். நாத்தனாரும் கைகொடுத்தார். 45 வயது வரை 28 முதல் 30 நாளுக்கு ஒருமுறை, நான்கைந்து நாள் போக்கு. அதன்பின் ஒரு தடவை 20 நாளில் வந்தது, ஒரு தடவை 60 நாள் தள்ளிப்போனது. வந்தால் பத்து நாள், பதினைந்து நாள் என்று நீண்டது. கடைசியாக 52 நாள் ஒன்றும் இல்லாமல் இருந்து, பிறகு தொடங்கியதுதான் இந்தப் பத்தொன்பது நாள்.

இதில் எது இயல்பு, எது மீறல் என்பதற்குப் பொதுவான அளவுகோல் உண்டு. ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாள் இருக்கலாம். போக்கு எட்டு நாளைத் தாண்டக் கூடாது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இடைவெளி கூடிக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் போக்கின் நாட்களும் அளவும் கூடிக்கொண்டே போவதை வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. நிற்கப்போகும் மாதவிடாய் பொதுவாக இடைவெளி விட்டு விட்டுத் தேய்ந்துதான் நிற்கும்.

அளவைக் கேட்பதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று கேட்டேன். "மூன்று" என்றார். அந்த மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு நான் நகர்ந்திருந்தால் தவறியிருப்பேன். அவர் ஒரே நேரத்தில் இரண்டை அடுக்கி, மேலே பழைய பருத்தித் துணியும் வைத்துக் கட்டிக்கொள்கிறார். காலை டீ நேரத்திலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும்தான் கழிப்பறைக்குப் போக முடியும்; இடையில் எழுந்தால் பீஸ் கணக்கு குறையும். எட்டு மாதமாகக் கறுப்பு, அடர்நீலம், மெரூன் தவிர வேறு நிறத்தில் சேலை உடுத்தவில்லை. இரவில் இரண்டு தடவை எழுந்து மாற்றுகிறார். நெல்லிக்காய் அளவில் கட்டி கட்டியாகப் படுகிறது. நாப்கினின் எண்ணிக்கை ஒரு பெண்ணின் வருமானத்தையும் வேலையிடத்தையும் பொறுத்தது. சேலையின் நிறத்தையும் இரவு விழிப்பையும் கேட்டால்தான் உண்மை வெளிவருகிறது. மாதத்துக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் மிகை என்பது பழைய ஏட்டு வரையறை. வீட்டில் யார் அளந்து பார்க்கிறார்கள்? ஒரு பெண்ணின் உடலையும் வேலையையும் அன்றாட வாழ்வையும் குலைக்கும் போக்கு எதுவோ அதுவே மிகை என்று இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்டிருப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். தமிழில் இதற்குப் 'பெரும்பாடு' என்று பெயர். சித்த மருத்துவத்தில் வழங்கும் பழைய சொல். அளவுக் குவளை எதுவும் இல்லாமலே நோயைச் சரியாகச் சொல்லிவிட்ட சொல்.

இன்னும் இரண்டு செய்திகள் பேச்சுவாக்கில் வந்தன. அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்வது சில மாதங்களாகப் பழக்கமாகிவிட்டது. மதிய டிபன் பெட்டியின் ஓரத்திலும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போகிறார். நாத்தனார் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடலில் இரும்புச்சத்து அடியோடு வற்றும்போது பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ்கட்டி என்று நாக்கு தேடும். இரண்டாவது, மாரியம்மன் நோன்பிக்கும் குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்கும் மாதவிடாய் தள்ளிப்போக வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு நாரெத்திஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். போக்கு நிற்காத மாதங்களிலும் அதையே மூன்று நாள், ஐந்து நாள் என்று தாமாகப் போட்டிருக்கிறார். மாத்திரை நின்ற இரண்டு மூன்று நாளில் உட்சவ்வு உதிரத் தொடங்கும். அதைப் புதிய போக்கு என்று நினைத்து மறுபடி மாத்திரை. அவர் தந்த கணக்கில் பாதிக் குழப்பம் அந்த அட்டையிலிருந்து வந்தது.

மற்றபடி இரண்டு சுகப்பிரசவம், இரண்டாவதற்குப் பின் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. நான்கு வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் மட்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோ, மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்ஸிஃபெனோ எடுத்ததில்லை. குடும்பத்தில் கர்ப்பப்பை, குடல் புற்றுநோய் யாருக்கும் இல்லை.

சோதனையில் தெரிந்தவை

நாக்கும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருந்தன. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 108, இரத்த அழுத்தம் 110/70. எடை 78 கிலோ, உயரம் 154 செ.மீ.; உடல் நிறைக் குறியீடு 33ஐ ஒட்டி வந்தது. கர்ப்பப்பை வாய் ஆரோக்கியமாக இருந்தது. உள்ளிருந்து உதிரம் வந்துகொண்டிருந்தது. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர், வயது 47 என்றாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்தோம். இல்லை என்று வந்தது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு, தவிர்க்கக் கூடாது.

ஹீமோகுளோபின் 6.4 கிராம். சிவப்பணுவின் சராசரிப் பருமன் 62. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 4. மூன்றுமே மிகக் குறைவு. தட்டணுக்களும் உறைதிறன் சோதனைகளும் தைராய்டும் சரி. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி 8.2. எட்டு மாதத்துக்கு முந்தைய சீட்டு ஒன்றில் ஹீமோகுளோபின் 9.1 என்று இருந்தது. அதன் எதிரே டிக் அடித்து இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருந்தார்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே 9.1 என்ற எண் யாரையும் உறுத்துவதில்லை. ஓட்டை எங்கே என்று பார்க்காமல் பானையில் நீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அந்தச் சீட்டு எங்கள் மருத்துவமனையுடையது.

ஸ்கேன் சீட்டில் இருந்த கட்டி

அவர் கையில் இன்னொரு காகிதமும் இருந்தது. வெளியில் எடுத்த ஸ்கேன். கர்ப்பப்பையின் பின்சுவரில் 2.3 செ.மீ. நார்க்கட்டி. முடிவு வரியில் அது மட்டுமே தடித்த எழுத்தில். அதைப் பார்த்த ஒருவர், 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்' என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்கும் அதில் மறுப்பு இல்லை: "இனிக் குழந்தை பெறவா போகிறாள்? எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது." அவர் மட்டும் என்னிடம் தனியாகக் கேட்டார்: "எடுத்தால் எத்தனை மாதம் மிஷினில் உட்கார முடியாது?"

அதே ஸ்கேனின் நடுப் பத்தியில் உட்சவ்வின் தடிமன் 17 மி.மீ. என்றும் இருந்தது. யாரும் அதை அடிக்கோடிடவில்லை.

மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ, 2011இல் இத்தகைய உதிரப்போக்கின் காரணங்களை ஒன்பதாக வகுத்தது. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தட்டுப்படும் கட்டமைப்புக் காரணங்கள் நான்கு: உட்சவ்விலிருந்து முளைக்கும் சிறு சதையான பாலிப், கர்ப்பப்பைச் சுவருக்குள் உட்சவ்வு புகுந்துவிடும் அடினோமயோசிஸ், நார்க்கட்டி, புற்றும் அதன் முன்நிலைகளும். மற்ற ஐந்து: உறைதல் கோளாறு, கருமுட்டை வெளிப்படாமை, உட்சவ்வின் சொந்தக் கோளாறு, மருந்தாலும் சிகிச்சையாலும் வருவது, இவற்றில் அடங்காதது. இந்த வகுப்பின் பெரிய நன்மை, ஒரு காரணம் தெரிந்தவுடன் நின்றுவிடாமல் ஒன்பதையும் கடந்து வரும்படி கையைப் பிடித்து இழுப்பது. ஒரே பெண்ணுக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கலாம். ஸ்கேனில் தெரியும் கட்டி குற்றவாளியாக இல்லாமல் அங்கே சும்மா நின்றுகொண்டிருந்ததாகவும் இருக்கலாம். 47 வயதில் சிறிய நார்க்கட்டி இருப்பது சாதாரணம். அது உதிரப்போக்கை உண்டாக்குமா என்பது பெரும்பாலும் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கர்ப்பப்பையின் உட்குழியைத் தள்ளிக்கொண்டு நின்றால் சிறிய கட்டியும் பெரும்பாடு தரும். இவருடைய கட்டி சுவரின் தசைக்குள் புதைந்திருந்தது. உட்குழியைத் தொடவே இல்லை.

அப்படியானால் 17 மி.மீ. எப்படி வந்தது? சினைப்பையில் கருமுட்டைகள் குறைந்துகொண்டே வரும் இந்த வயதில் சில மாதங்களில் முட்டை வெளிப்படாது. முட்டை வெளிப்பட்டால்தான் அதன் கூடு புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் உட்சவ்வை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்தி, மாதக் கடைசியில் ஒரே சீராக உதிரச் செய்யும். இரண்டாவது வராத மாதத்தில் முதலாவது தடையில்லாமல் வளர்த்துக்கொண்டே போகும். பிறகு பழைய சுவரில் காரை பெயர்வதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிரும். அதனால்தான் 52 நாள் வறட்சியும் 19 நாள் வெள்ளமும். இவருக்கு அதோடு உடல் எடையும் சேர்ந்துகொண்டது. கொழுப்புத் திசு தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். அதிக எடை, சர்க்கரை, முட்டை வெளிப்படாத மாதங்கள் மூன்றும் உட்சவ்வுப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுபவை. நான்கு சீட்டுகளிலும் 'மாதவிடாய் நிற்கும் வயது' என்று ஆறுதலாக எழுதிய அதே வரிதான், துணுக்கெடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கான காரணமாகியிருக்க வேண்டும். இத்தகைய போக்கோடு வரும் பெண் 45 வயதைத் தாண்டியிருந்தால் உட்சவ்வைச் சோதிக்க வேண்டும் என்கின்றன அமெரிக்க வழிகாட்டுதல்கள். இந்தியாவில் அதை 40 என்று வைத்திருக்கிறோம்.

ஸ்கேன் தடிமனை வைத்துப் பயாப்சியைத் தவிர்க்கலாமா என்று இளைய மருத்துவர்கள் கேட்பார்கள். 4 மி.மீ. என்ற எல்லை மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்களுக்கானது. மாதவிடாய் நடக்கும் பெண்ணுக்கு உட்சவ்வு நாளுக்கு நாள் மாறும். அவருக்கு அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது.

துணுக்கு

உள்நோயாளியாகச் சேர்த்தோம். உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம் மூன்று வேளை. இரண்டு யூனிட் சிவப்பணு ஏற்றினோம், ஹீமோகுளோபின் 8.3 ஆனது. இந்த மருந்தை எழுதும்போதெல்லாம் ஜப்பானிய மருத்துவர் உதாகோ ஒகாமோட்டோவை நினைத்துக்கொள்வேன். பிரசவத்துக்குப் பின் உதிரம் போய்ச் சாகும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்றே கணவர் ஷோசுகேயுடன் சேர்ந்து உழைத்து, 1962இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். அந்தத் தாய்மார்களுக்கு இது உதவும் என்று காட்டிய பெரும் ஆய்வு 2017இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் மறைந்துவிட்டார்.

ஹார்மோன் மாத்திரையை அன்றே தொடங்கச் சொல்லி வார்டில் ஒரு கருத்து எழுந்தது. போக்கு வேகமாக நிற்கும் என்பது சரிதான். ஆனால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து உட்சவ்வின் தோற்றத்தையே மாற்றிவிடும். பிறகு எடுக்கும் துணுக்கில் நோய் ஒளிந்துகொள்ளலாம். நோயாளி நிலையாக இருந்தார். துணுக்கு முதலில், ஹார்மோன் பிறகு என்று முடிவு செய்தோம்.

பிப்பெல் என்னும் மெல்லிய குழாயால் மயக்கமருந்து இல்லாமல் உட்சவ்வை உறிஞ்சி எடுத்து அனுப்பினோம். ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது: பெரும்பாலும் இரத்தக்கட்டி, மதிப்பிடப் போதுமான உட்சவ்வு இல்லை. இந்த இடத்தில் எத்தனையோ கோப்புகள் மூடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். 'போதவில்லை' என்ற சொல் அடுத்த வாரம் ஒருவர் வாயில் 'புற்று இல்லை' என்றாகிவிடும். நோய்க்கூறியல் மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. தமக்குப் பார்க்க எதுவும் வரவில்லை என்றுதான் சொன்னார். அதோடு, பிப்பெல் பரவலான நோயை நன்றாகப் பிடிக்கும். ஒரு மூலையில் மட்டும் இருக்கும் பாலிப்பைத் தவறவிடும்.

ஒன்பதாம் நாள் மயக்கத்தில் ஹிஸ்டரோஸ்கோபி. கேமராவை உள்ளே செலுத்தியதும் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் ஒரு செ.மீ. அளவுப் பாலிப் தெரிந்தது. சுற்றிலும் உட்சவ்வு மேடும் பள்ளமுமாகத் தடித்திருந்தது. நார்க்கட்டியின் சுவடே உட்குழியில் இல்லை. பாலிப்பை நீக்கி, நான்கு புறமும் சுரண்டியெடுத்த திசுவைத் தனியாக அனுப்பினோம்.

அறிக்கை வரும் வரை அந்த அம்மா என் முகத்தைப் படிக்க முயன்றுகொண்டே இருந்தார். முடிவு: உட்சவ்வு மிகைவளர்ச்சி, அணுக்களில் பிறழ்ச்சி இல்லை. பாலிப் தீங்கற்றது.

பிறழ்ச்சி இல்லை என்ற சொல்லில் எல்லாமே இருக்கிறது. பிறழ்ச்சியில்லாத மிகைவளர்ச்சி 20 ஆண்டுகளில் புற்றாக மாறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பிறழ்ச்சி இருந்திருந்தால் என் பேச்சே வேறு. பயாப்சியில் பிறழ்ச்சி கண்டு கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் ஏற்கெனவே புற்று இருந்ததை 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அப்படி வந்திருந்தால் 'எடுத்துவிடலாம்' என்று நானே சொல்லியிருப்பேன், தயங்காமல்.

எடுத்தது பாலிப் மட்டும்

வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பேசினேன். 6.4 ஹீமோகுளோபினும் கட்டுப்படாத சர்க்கரையுமாக அந்த அறுவைக்குப் போயிருந்தால் என்னென்ன நடந்திருக்கும் என்று சொன்னேன். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருப்பதையும், அதனால் எலும்பும் இதயமும் படும் பாட்டையும் சொன்னேன். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிடாயால் கூலி போகக் கூடாது என்று இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. என் முன்னால் இருந்தவரும் கூலிக் கணக்கில் வாழ்பவர்தான்.

புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனான லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனத்தைப் பொருத்தினோம். 52 மி.கி. மருந்து, தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம், நேராக உட்சவ்வின் மேல். இந்த வகை மிகைவளர்ச்சிக்கு முதல் தேர்வு இதுதான். பத்தில் ஒன்பது பெண்களுக்கு உட்சவ்வு சீராகிவிடும். இரும்புச்சத்து ஊசி ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஒரு கிராம். சர்க்கரை மருத்துவரிடம் மருந்தை மாற்றி வாங்கினோம்.

இரண்டாம் மாதம் அவர் கோபமாக வந்தார். தினமும் சொட்டுச் சொட்டாகப் படுகிறது, இதை எடுத்துவிடுங்கள் என்றார். தொடக்கத்தில் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை அப்படி இருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். ஆனால் அறுவை அரங்கிலிருந்து வந்த அன்றைக்கு, அரை மயக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறேன். அது சொன்னதாகாது. அதன்பின், பொருத்துவதற்கு முந்தைய நாளே நாத்தனாரோ மகளோ கூட இருக்கும்போது சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். சேலையைக் கறுப்பிலிருந்து மாற்ற முடிகிறதா, இரவில் எழுகிறாரா என்று கேட்டேன். எழுவதில்லை என்றார். இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். நான்காம் மாதம் சொட்டும் நின்றது. பச்சரிசி ஆசை அதற்கு வெகு முன்பே போய்விட்டிருந்தது.

ஆறாம் மாதப் பயாப்சியில் மிகைவளர்ச்சி இல்லை. மருந்தின் விளைவு மட்டும். பன்னிரண்டாம் மாதமும் அப்படியே. ஹீமோகுளோபின் 12.1, எடை ஆறு கிலோ குறைவு, ஹெச்பிஏ1சி 6.9.

எங்கள் புறநோயாளிச் சீட்டில் இப்போது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறோம். 40 வயதைத் தாண்டிய பெண் உதிரப்போக்கு என்று வந்தால் ஐந்து கட்டம்: இடைவெளி நாள், போக்கு நாள், இரவில் எழுகிறாரா, ஹீமோகுளோபின், பயாப்சி எடுத்த தேதி. கட்டம் காலியாக இருந்தால் செவிலியர் சீட்டைத் திருப்பி அனுப்புவார். என் சீட்டும் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறது.

கடைசியாக வந்தபோது அவர் ஒன்று கேட்டார்: "இந்தச் சாதனத்தாலேயே தீட்டு நின்றிருக்கிறது. உண்மையிலேயே நிற்கும் காலம் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. இது உள்ளே இருக்கும் வரை மாதவிடாயை வைத்து அதை அறிய முடியாது. திடீர் வெப்பமும் இரவு வியர்வையும் வந்தால் ஊகிக்கலாம் என்றேன். எடையும் சர்க்கரையும் இருப்பதால் வருடம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். சாதனம் ஐந்து ஆண்டு முடியும்போது அவருக்கு 52 வயது. எடுப்பதா, மாற்றுவதா என்று அப்போது முடிவு செய்வோம். நடுவில் எப்போது ஒரு துளி உதிரம் புதிதாகப் பட்டாலும், நோன்பியோ ஷிப்டோ பார்க்காமல் அந்த வாரமே வர வேண்டும் என்று சீட்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதினேன். நாத்தனாரிடமும் ஒரு தடவை சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தமக்கும் மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்துப் போன மாதம் இரண்டு நாள் லேசாகப் பட்டது என்றார். அன்றே அவருக்கும் ஒரு சீட்டுப் போட்டோம்.